அந்திக்காலக் கணக்கு – 9: மிஷன் ஆஸ்பத்திரிப் பேரேடு

இதுவரை: 1889-இல் பிஸ்மார்க்கின் ஜெர்மனி எழுபது வயதுத் தொழிலாளிக்கு ஓய்வூதியம் தரச் சட்டம் செய்தது. 1909 புத்தாண்டு அன்று பிரிட்டனின் தபால் நிலையங்களில் எழுபதைக் கடந்த ஏழைகள் வாரம் ஐந்து ஷில்லிங் வரை வாங்கிச் சென்றார்கள். 1962 ஏப்ரலில், காமராஜர் முதல்வராக இருந்தபோது, சென்னை மாநிலம் ஆதரவற்ற முதியோருக்கு மாதாமாதம் உதவித்தொகை வழங்கத் தொடங்கியது.

சென்ற வாரம் ஒரு கேள்வியில் நிறுத்தினோம். ஏழ்மை உடம்பைக் கெடுக்கிறதா, கெட்ட உடம்பு ஏழ்மையைக் கொண்டுவருகிறதா?

இந்த வாரம் அந்தக் கேள்வியோடு மைசூர்ச் சீமைக்குப் போகிறோம்.

படத்தில் வராதவர்கள்

மைசூரிலிருந்து நஞ்சன்கூடு வழியாகத் தெற்கே 60 கிலோமீட்டர் வந்தால் குண்டலுபேட்டை. அங்கே சாலை பிரிகிறது. ஒரு கிளை பந்திப்பூர் காட்டைக் கடந்து ஊட்டிக்கு ஏறுகிறது. இன்னொன்று சுல்தான் பத்தேரி வழியாக வயநாட்டுக்குள் போகிறது. 1997 வரை மைசூர் மாவட்டத்தில் இருந்த இந்தத் தாலுகா, இப்போது சாமராஜநகர் மாவட்டத்தில் இருக்கிறது.

ஊட்டி வழியாக மைசூர் போகும் நம் ஊர்க்காரர்கள் ஆடி மாதத்தில் வண்டியை ஓரங்கட்டிப் படம் எடுத்துக்கொள்ளும் சூரியகாந்தி வயல்கள் இங்கேதான் இருக்கின்றன. ஓணத்துக்குக் கேரளச் சந்தைகளில் குவியும் செண்டுமல்லியும் இங்கிருந்து நிறையப் போகிறது.

படத்தில் வராதவர்கள் பூப்பறிக்கும் பெண்கள். காலையில் குனிந்தால் வெயில் ஏறும்வரை நிமிர முடியாத வேலை. அறுபது தாண்டியும் கூலிக்குப் போகும் அஜ்ஜிகள், அதாவது பாட்டிகள், அந்த வரிசையில் உண்டு. உட்கார்ந்து சாப்பிட வழி இருந்தால் யாரும் அந்த வயதில் கூடை தூக்க மாட்டார்கள்.

அப்படி ஒரு வீட்டின் கணக்கைப் பாருங்கள். கணவருக்கு நெஞ்சு வலி வருகிறது. மைசூருக்குக் கொண்டு போகிறார்கள். ஆடு விற்கப்படுகிறது, தோடு அடகுக்குப் போகிறது. வட்டி கட்ட வேண்டியிருப்பதால் மனைவி தன் முழங்கால் வலியைச் சொல்லாமல் வேலைக்குப் போகிறாள். வலி முற்றுகிறது, கூலி நாட்கள் குறைகின்றன. இந்த வீட்டில் நோய் முதலில் வந்ததா, வறுமை முதலில் வந்ததா?

உலகப் பொருளாதார அறிஞர்கள் பல பத்தாண்டுகளாக மல்லுக்கட்டும் கேள்வி இதுதான். அதன் பாதி விடை, இதே சாலையின் மறுமுனையில், ஒரு மருத்துவமனையின் பழைய பதிவேடுகளில் கிடந்தது.

பவுண்டில் ஓர் எடை

மைசூர் மண்டி மொஹல்லாவில் இருக்கிறது ஹோல்ட்ஸ்வொர்த் நினைவு மருத்துவமனை. மெதடிஸ்ட் மிஷனரிகள் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெண்களுக்காகவும் குழந்தைகளுக்காகவும் தொடங்கியது. ஊர்க்காரர்களுக்கு அது மிஷன் ஆஸ்பத்திரி.

1934 முதல் அங்கே பிரசவ அறையில் ஒரு பழக்கம் இருந்தது. குழந்தை பிறந்ததும் எடை போடுவார்கள். தலை முதல் பாதம் வரை நீளம் அளப்பார்கள். தலையின் சுற்றளவு எடுப்பார்கள். தாயின் எடையையும் குறிப்பார்கள். எல்லாம் பவுண்டிலும் அங்குலத்திலும் பேரேட்டில் ஏறும்.

அந்தக் காலத்தில் இந்தியாவின் பெரும்பாலான குழந்தைகள் வீட்டில், மருத்துவச்சியின் கையில் பிறந்தன. பிறந்த தேதிகூட எங்கும் எழுதப்படாத நாட்டில், ஒரு மருத்துவமனை ஒவ்வொரு சிசுவின் எடையையும் தவறாமல் எழுதிவைத்தது. ஏன் எழுதுகிறோம் என்று அந்தச் செவிலியர்கள் கேட்டிருக்க மாட்டார்கள். அது அன்றாட வேலை.

ஏடுகள் நிறைந்தன. குழந்தைகள் வளர்ந்தார்கள். வேலைக்குப் போனார்கள். பேரன் பேத்தி எடுத்தார்கள். பேரேடுகள் மட்டும் அசையாமல் இருந்தன.

சவுத்தாம்ப்டனின் சந்தேகம்

இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனில் டேவிட் பார்க்கர் என்ற மருத்துவ ஆய்வாளர் 1980-களில் ஒரு விபரீதமான சந்தேகத்தைக் கிளப்பினார். மாரடைப்பு ஐம்பது வயதுக் குற்றம் அல்ல என்றார் அவர். சிகரெட்டும் கொழுப்பும் மட்டும் அதற்குக் காரணம் அல்ல, கருவில் இருக்கும்போதே அதன் விதை விழுகிறது என்றார்.

ஹெர்ட்ஃபோர்ட்ஷயர் மாவட்டத்தில் 1911 முதல் பிறந்த குழந்தைகளின் எடையைச் செவிலியர்கள் குறித்துவைத்த ஏடுகள் அவருக்குச் சாட்சியாகக் கிடைத்தன. எடை குறைந்து பிறந்தவர்கள் பிற்காலத்தில் இதய நோயால் அதிகம் இறந்திருந்தார்கள்.

பலர் நம்பவில்லை. இங்கிலாந்தில் நடந்தது வேறெங்கும் நடக்குமா? கரு மெலிவது அதைவிடப் பல மடங்கு சாதாரணமான இந்தியாவில் என்ன நடக்கிறது?

அதைச் சோதிக்க, அரை நூற்றாண்டுக்கு முன்பே குழந்தைகளை எடை போட்டு எழுதிவைத்த ஓர் இந்திய ஊர் வேண்டும். மைசூர் கிடைத்தது.

1990-களின் தொடக்கத்தில் பார்க்கரின் குழுவைச் சேர்ந்த கரோலின் ஃபால், குமரன் உள்ளிட்ட ஆய்வாளர்களும் மைசூர் மருத்துவர்களும் தேடலில் இறங்கினார்கள். மருத்துவமனையைச் சுற்றியுள்ள தெருக்களில் வீடு வீடாக ஆட்கள் போனார்கள். இந்த ஆஸ்பத்திரியில் பிறந்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா என்று கேட்டார்கள்.

பிறந்த அன்றே குழந்தைக்குப் பெயர் வைக்கும் வழக்கம் நமக்கு இல்லை. ஆகவே பேரேட்டில் குழந்தையின் பெயரைத் தேடிப் பயன் இல்லை. பெற்றோர் பெயர், பிறந்த தேதி போன்ற விவரங்களைக் கொண்டு ஒவ்வொருவரையும் அவரவர் பதிவோடு பொருத்த வேண்டியிருந்தது. பொறுமையைச் சோதிக்கும் வேலை. ஆண்டுகள் பிடித்தன. கடைசியில் மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் தங்கள் பிறப்பு எடையோடு மீண்டும் சேர்ந்தார்கள்.

1996: லான்செட்டில் மைசூர்

முதல் முடிவு 1996-இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. 1934-க்கும் 1954-க்கும் இடையில் பிறந்து, இன்னும் மருத்துவமனைக்கு அருகிலேயே வாழ்ந்த 517 ஆண்களும் பெண்களும் சோதிக்கப்பட்டிருந்தார்கள்.

இரண்டரைக் கிலோவோ அதற்கும் குறைவாகவோ பிறந்தவர்களில் நூற்றுக்கு 11 பேருக்கு இதய நோய். மூன்று கிலோவுக்கு மேல், அதாவது ஏழு பவுண்டோ அதற்கு மேலோ பிறந்தவர்களில் நூற்றுக்கு 3 பேருக்கு.

இன்னொரு எண் அதைவிட உலுக்கியது. குழந்தையும் எடை குறைவு, கர்ப்பத்தில் தாயின் எடையும் 45 கிலோவுக்குக் கீழே. அப்படிப் பிறந்தவர்களில் நூற்றுக்கு 20 பேருக்கு இதய நோய் இருந்தது.

517 பேர் என்பது சிறிய கூட்டம்தான். ஒரே ஆய்வை வைத்துத் தீர்ப்பு எழுதிவிட முடியாது. 1998-இல் அதே குழு சர்க்கரை நோயை ஆராய்ந்தபோது படம் சிக்கலானது. மைசூரில் சர்க்கரை நோய் வந்தவர்கள் பிறப்பில் குட்டையாகவும் அதே நேரம் கொழுகொழுவென்றும் இருந்தார்கள். அவர்களின் தாய்மார்கள் எடை கூடியவர்கள். இங்கிலாந்தின் பாடத்தை அப்படியே நமக்குப் பொருத்த முடியாது என்று மைசூர் சொன்னது.

ஆனாலும் அடிப்படை நிலைத்தது. முதுமையின் உடல்நலக் கணக்கு முதுமையில் தொடங்குவதில்லை.

2013 முதல் முரளி கிருஷ்ணா என்ற மனநல மருத்துவர் தலைமையில் அதே மனிதர்களைத் தேடி இன்னொரு முறை போனார்கள். குழந்தைகளாகப் பேரேட்டில் ஏறியவர்கள் இப்போது முதியவர்கள். 700-க்கும் மேற்பட்டோரிடம் ஞாபகசக்தி, மனச்சோர்வு, இதயம், சர்க்கரை எல்லாம் சோதிக்கப்பட்டன. எடை கூடிப் பிறந்தவர்கள் அறிவாற்றல் சோதனைகளில் முதுமையிலும் கூடுதல் மதிப்பெண் பெற்றார்கள்.

ஆபத்தான முடிவு

இங்கேதான் வரலாறு ஒரு வளைவில் நிற்கிறது.

கருவிலேயே பாதி தீர்மானம் ஆகிவிட்டது என்றால், அறுபத்தைந்து வயதில் பணம் கொடுத்து என்ன ஆகப்போகிறது? முதியோர் பென்ஷன் இரக்கத்துக்காகக் கொடுப்பது, உடல்நலத்துக்கு அது தாமதம். அந்தப் பணத்தைக் குழந்தைகளுக்குச் செலவிடலாமே! மைசூர்ப் பேரேட்டை மேலோட்டமாகப் படித்தால் இப்படித்தான் தோன்றும்.

அந்த வாதத்தை உடைத்தவர்கள் பொருளாதார அறிஞர்கள். அதற்கு முன் அவர்களுக்கு ஒரு புதிய கருவி தேவைப்பட்டது.

அதுவரை மருத்துவர்கள் உடம்பைக் கேட்டார்கள், பொருளாதாரக்காரர்கள் பணத்தைக் கேட்டார்கள். ஒரே மனிதரிடம் இரண்டையும் சேர்த்து, திரும்பத் திரும்ப, ஆண்டுக்கணக்கில் கேட்கும் பெரிய ஆய்வு 1992-இல் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. உடல்நல மற்றும் ஓய்வுக்கால ஆய்வு என்பது அதன் பெயர். ஐம்பதுகளில் இருந்த பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோரிடம் பென்ஷன், சேமிப்பு, வீடு, நோய், வேலை எல்லாவற்றையும் கேட்டார்கள்.

ஜேம்ஸ் ஸ்மித் என்ற பொருளாதார அறிஞர் 1999-இல் அந்தத் தரவுகளைக் கொண்டு ஒரு கட்டுரை எழுதினார். அம்பு இரு பக்கமும் பாய்கிறது என்று காட்டினார். புதிதாக ஒரு கடும் நோய் வந்தால் குடும்பத்தின் சொத்து கரைகிறது. மருந்துச் செலவு மட்டும் காரணம் அல்ல. வேலை போகிறது, வருமானம் நிற்கிறது. குண்டலுபேட்டையில் ஆடு விற்ற வீட்டின் கதை, டாலரில்.

சரி, எதிர்த்திசை? முதியவர் கையில் பணம் வந்தால் உடம்பு தேறுமா? அதற்கு விடை தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்தது.

பாட்டியின் பென்ஷன், பேத்தியின் எடை

நிறவெறி ஆட்சி முடியும் தறுவாயில், வெள்ளையருக்குக் கிடைத்த அதே முதியோர் பென்ஷன் கறுப்பின மக்களுக்கும் கிடைத்தது. பெண்களுக்கு 60 வயதில், ஆண்களுக்கு 65-இல். தொகை அற்பம் அல்ல. கறுப்பினக் குடும்பங்களில் ஆளுக்குக் கிடைக்கும் வழக்கமான வருமானத்தைப் போல அது ஏறத்தாழ இரு மடங்கு.

ஆன் கேஸ் என்ற பொருளாதார அறிஞர் மேற்குக் கேப் பகுதியில் அந்த வீடுகளை ஆராய்ந்தார். வருமானத்தை எல்லோரும் பொதுவில் போட்டு வாழும் வீடுகளில், பென்ஷன் வந்ததும் வீட்டில் அனைவரின் உடல்நலமும் மேம்பட்டிருந்தது. குழந்தைகள் உயரமாக வளர்ந்திருந்தார்கள். சாப்பாட்டைத் தவிர்ப்பது குறைந்திருந்தது. நல்ல தண்ணீர், கழிப்பறை வசதிக்குப் பணம் போயிருந்தது. பணக்கவலை குறைந்திருந்தது.

பிற்காலத்தில் நோபல் பரிசு பெற்ற எஸ்தர் டஃப்லோ 2003-இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் நுட்பமானது. பென்ஷன் பாட்டியின் கைக்கு வந்த வீடுகளில் பேத்திகளின் எடை தேறியிருந்தது. தாத்தாவின் கைக்கு வந்த வீடுகளில் அப்படி ஒரு மாற்றம் தெரியவில்லை.

இந்த இடத்தில் நிதானித்து, மைசூர்ப் பேரேட்டின் அந்த எண்ணை மறுபடி பாருங்கள். 45 கிலோவுக்குக் கீழே இருந்த தாய். இரண்டரைக் கிலோ எட்டாத குழந்தை. அறுபது வயதில் நெஞ்சு வலி.

பேத்தி நாளைக்குத் தாயாகப் போகிறவள். பாட்டியின் பென்ஷன் அவள் தட்டில் சோறாக விழுந்தால், அவள் பெறப்போகும் குழந்தையின் எடையும் கூடும். அந்தக் குழந்தையின் அறுபது வயது இதயமும் அதில் அடங்கியிருக்கிறது. இரண்டு ஆய்வுகளையும் சேர்த்துப் படிக்கும்போது எனக்குக் கிடைக்கும் பாடம் இதுதான்: முதியோர் பென்ஷன் தாமதமாகக் கொடுக்கும் பணம் அல்ல, அடுத்த தலைமுறையின் முதுமைக்கு முன்கூட்டியே போடும் முதலீடு.

குழந்தைக்கா முதியவருக்கா என்ற சண்டையே தவறு. ஏழை வீட்டில் இருவருக்கும் ஒரே அடுப்பு.

75 ரூபாயிலிருந்து

இந்தியா என்ன செய்தது?

1995 ஆகஸ்ட் 15 அன்று தேசிய சமூக உதவித் திட்டம் நடைமுறைக்கு வந்தது. 65 வயது கடந்த ஆதரவற்றோருக்கு மத்திய அரசு மாதம் 75 ரூபாய் தந்தது. பிறகு அது 200 ரூபாயானது. 2007 நவம்பரில் இந்திரா காந்தியின் பெயர் சூட்டப்பட்டு, வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ள முதியோர் அனைவருக்கும் விரிந்தது. 2011-இல் தகுதி வயது 60 ஆகக் குறைந்தது. எண்பது கடந்தவர்களுக்கு 500 ரூபாய். மற்றவர்களுக்கு மத்திய அரசின் பங்கு அந்த 200 ரூபாயிலேயே நின்றுவிட்டது.

மிச்சத்தை மாநிலங்கள் சுமந்தன. கர்நாடகம் 2007-இல் சந்தியா சுரக்ஷா திட்டத்தைத் தொடங்கியது. சிறு விவசாயிகள், விவசாயக் கூலிகள், நெசவாளர்கள், மீனவர்கள் போன்றோருக்கு 65 வயதில் மாதம் 400 ரூபாய். 2021-இல் அது 1,200 ஆனது. தமிழ்நாட்டிலும் முதியோர் உதவித்தொகை 2023-இல் 1,200 ஆக உயர்ந்தது.

அந்தப் பணம் என்ன செய்கிறது என்று அளக்கும் இந்திய முயற்சியும் கர்நாடகத்தைத் தொட்டே தொடங்கியது. 2010-இல் கர்நாடகம், கேரளம், பஞ்சாப், ராஜஸ்தான் ஆகிய நான்கு மாநிலங்களில் ஒரு முன்னோட்ட ஆய்வு நடந்தது. மிச்சிகன் ஆய்வின் இந்தியத் தங்கை அது. சுருக்கமாக லாசி என்பார்கள். மும்பையிலுள்ள சர்வதேச மக்கள்தொகை அறிவியல் நிறுவனத்தின் பேராசிரியர் பெரியநாயகம் ஆரோக்கியசாமி, ஹார்வர்டின் டேவிட் புளூம், தென் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் ஜின்கூக் லீ ஆகியோர் அதை முன்னின்று நடத்தினார்கள்.

2017-18-இல் முதல் முழுச் சுற்று. 45 வயது கடந்தோரும் அவர்களின் துணைவருமாக 72,000-க்கும் மேற்பட்டோர். நிலம், நகை, கடன், பென்ஷன், மருத்துவச் செலவு எல்லாம் கேட்கப்பட்டன. அதோடு உடம்பும் அளக்கப்பட்டது. கையால் ஒரு கருவியை இறுக்கிப் பிடிக்கச் சொல்லிப் பிடியின் பலம் பார்த்தார்கள். ஊதச் சொல்லி நுரையீரலின் திறன் பார்த்தார்கள். விரல் நுனியில் குத்தி எடுத்த இரத்தத்தைத் தாளில் உலர்த்தி அனுப்பினார்கள்.

2021 ஜனவரியில் முடிவுகள் வந்தன. முதியோரில் நூற்றுக்கு 75 பேருக்கு ஏதோ ஒரு நாள்பட்ட நோய். 40 பேருக்கு ஏதாவது ஓர் உடல் இயலாமை. 20 பேருக்கு மனநலச் சிக்கல். இந்திரா காந்தி முதியோர் ஓய்வூதியம் என்று ஒன்று இருப்பதே ஏறத்தாழ பாதிப் பேருக்குத்தான் தெரிந்திருந்தது.

பேரேடு இல்லாதவர்கள்

மறுபடி குண்டலுபேட்டைக்கு வருவோம்.

மைசூர் நகரத்தில் மிஷன் ஆஸ்பத்திரியில் பிறந்தவரின் எடை பேரேட்டில் இருக்கிறது. செண்டுமல்லி வயலில் நிற்கும் அஜ்ஜி வீட்டில் பிறந்தவள். எடை இருக்கட்டும், எந்த ஆண்டு என்பதே பல நேரம் யாரோ உத்தேசமாகச் சொல்லி எழுதியது. ஆதாரிலும் ரேஷன் கார்டிலும் வேறு வேறு வயது இருப்பது நம் கிராமங்களில் புதிதல்ல. தாலுகாவின் உட்பிரிவான ஹோபளி அளவில் இருக்கும் வருவாய் அலுவலகமான நாட கச்சேரியில் மனு கொடுக்கும்போது முதலில் கேட்கப்படுவது வயதுச் சான்று. 65 ஆனவளைத் தாள் 61 என்று சொன்னால், நான்கு ஆண்டு சந்தியா சுரக்ஷா பணம் அவளுக்கு இல்லாமல் போயிற்று.

பிறப்பில் அளக்கப்படாதவர்களே அதிகம் மெலிந்து பிறந்தவர்களாகவும், முதுமையில் அதிகம் நோயுறுபவர்களாகவும், பென்ஷன் வரிசையில் அதிகம் திருப்பி அனுப்பப்படுபவர்களாகவும் இருக்கக்கூடும். இந்த மூன்றும் ஒரே மனிதர் மேல் விழுவது தற்செயல் அல்ல என்பதே என் துணிபு.

உங்கள் தெருவில், உங்கள் வயலில், உங்கள் வீட்டு வேலையில் அறுபது கடந்த ஒருவர் இருந்தால், அவருடைய ஆதாரில் வயது சரியாக இருக்கிறதா என்று இந்த வாரம் பார்த்துக் கொடுங்கள். தவறு இருந்தால் திருத்த மனு எழுதிக் கொடுங்கள். விவரம் தெரிந்தவர் ஒருவர் கூட இருந்தால் ஒரு வீட்டின் உலை கொதிக்கும்.

ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது. தென்னாப்பிரிக்காவில் குடும்பத்தையே நிமிர்த்திய பென்ஷன், ஒருவரின் வழக்கமான வருமானத்தைப் போல இரு மடங்கு. நம்முடையது மாதம் 1,200 ரூபாய், அதில் மத்திய அரசின் பங்கு 200. இந்தத் தொகை குண்டலுபேட்டை வீட்டில் பேத்தியின் தட்டு வரை எட்டுகிறதா, மருந்துக் கடையிலேயே தீர்ந்துவிடுகிறதா?

அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)